இருபத்தேழு கம்பிப் புலி

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. மற்ற நாடுகளில் மழை வேண்டி யாகம் வளர்ப்பார்கள். அந்த நாட்டில் கேட்காமலே பெய்துவிடும். படையெடுத்து வரும் எதிரியும் ஆற்று வெள்ளத்தைப் பார்த்துவிட்டு அக்கரையிலேயே திரும்பிப் போய்விடுவான். ஆகவே அந்நாட்டு அரசருக்கு வேலை குறைவு. வேலை குறைந்தவருக்கு ஆசை அதிகம் என்பதைச் சொல்லவா வேண்டும்? ஒரு மாதம் தலையில் கொண்டை வைத்த கிளி வேண்டும் என்பார். மறுமாதம் புளிக்காத மாங்காயில் ஊறுகாய் வேண்டும் என்பார். அரண்மனையில் அத்தனை பேரும் ஓடுவார்கள். ஓடாமல் நின்று பதில் சொல்கிறவன் ஒருவன்தான். அவன் பெயர் காளத்தி.

காளத்திக்குச் சபையில் விகடம் பேசுவது வேலை. ஆள் ஒல்லி, தலைப்பாகை மட்டும் பெரிது. நெடுங்காலம் தூணோரம் நின்றே பேசிக்கொண்டிருந்தவனைப் போன சித்திரையில் அரசர் அருகே அழைத்து, தலைமை மந்திரியான பிரதானியின் ஆசனத்துக்கு நேர் எதிரில் ஒரு மணை போட்டு உட்காரச் சொன்னார். மணை என்னவோ பலாப்பலகைதான். ஆனால் அன்று முதல் பிரதானி உலகுடையாருக்குச் சாப்பாடு செரிக்கவில்லை. தலை நிமிர்த்தினால் எதிரில் அந்தத் தலைப்பாகை, எப்படிச் செரிக்கும்?

அரண்மனைத் தோட்டத்தின் மேற்கு மூலையில் புலிக்கொட்டடி இருந்தது. அங்கே இரண்டு புலிகள். தாய்ப்புலி காட்டில் செத்துக் கிடந்த இடத்திலிருந்து கண் திறக்காத குட்டிகளாக எடுத்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆட்டுப்பால் புகட்டி அவற்றைப் பிழைக்கவைத்தவள் ஒச்சாயி. முதலில் அவள் கணவன்தான் புலிக்காரன். அவன் காய்ச்சலில் போனபிறகு, வேறு யாரையும் வைக்க வேண்டாம் என்று அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் பெரிதாக இருந்ததற்கு மூத்தவன், மற்றதற்கு இளையவன் என்று பெயர் வைத்ததும் அவள்தான். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தாலும் அவற்றுக்கு வேறு பெயர் வைத்திருப்பாளா என்பது சந்தேகம்.

ஒரு நாள் பக்கத்து நாட்டிலிருந்து தூதுவர் ஒருவர் ஓலை கொண்டுவந்தார். சபையில் படித்தார்கள். "எங்கள் அரண்மனைப் புலி மூக்கு நுனி முதல் வால் நுனி வரை எட்டு முழம். நகம் ஐந்து விரற்கடை. தங்களிடமும் இரண்டு பூனைகள் இருப்பதாகக் கேள்வி. அவற்றின் அளவு என்னவோ? தூதுவர் ஐந்து நாள் தங்கிப் பதிலோடு திரும்புவார்."

பூனை என்ற சொல்லைக் கேட்டதும் அரசருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. நம் புலி எத்தனை முழம் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒச்சாயியை அழைத்துக் கேட்டார்கள். பசித்தால் பெரிதாக இருக்கும், தின்றால் சின்னதாகிவிடும் என்று அவள் பதில் சொன்னாள். அது ஓலையில் எழுதத் தக்கதாக இல்லை.

பிரதானி எழுந்தார். "மகாராஜா, உயிருள்ள புலியை அளந்தவர் உலகில் எவரும் இல்லை. ஈட்டிக்காரர் நால்வரை அனுப்பினால் உச்சிப்பொழுதுக்குள் இரண்டையும் சாய்த்துத் தோலை விரித்துவிடலாம். நாலு பக்கமும் இழுத்து முளையடித்தால் ஒன்பது முழம்கூடக் காணும்."

"இரண்டையுமா?" என்றார் அரசர்.

"எது பெரிது என்பது அளந்தால்தானே தெரியும், மகாராஜா."

அரசர் தாடியைத் தடவிக்கொண்டார். அவர் பொல்லாதவர் அல்லர். ஆனால் பூனை என்ற சொல் அவர் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. தூணோரம் நின்றிருந்த ஒச்சாயியின் கை முந்தானையைப் பிடித்து முறுக்கத் தொடங்கியதைக் காளத்தி பார்த்தான். பார்த்த மாத்திரத்தில், யோசனைக்கு முன்னால் அவன் வாய் எழுந்துகொண்டது.

"மகாராஜா, தேங்காய் எத்தனை பெரிது என்று பார்க்க யாராவது அதை உடைப்பார்களா? முழுசாக வைத்தே அளக்கலாம்."

பிரதானி சிரித்தார். அவர் சிரித்தாலே காளத்திக்கு முதுகில் எறும்பு ஊரும்.

"அப்படியானால் காளத்தியே அளந்து வரட்டும். ஆனால் மகாராஜா, புலி நம் கொடியில் வீற்றிருப்பது. அதைக் கயிற்றால் கட்டக் கூடாது. மருந்து வைத்து மயக்கக் கூடாது. கம்பு நீட்டிக் குத்தக் கூடாது. தங்கள் திருமேனிக்கு எந்த மரியாதையோடு அளவு எடுக்கிறோமோ அந்த மரியாதையில் ஒரு குன்றிமணி குறையக் கூடாது. தங்களுக்குச் செல்லும் முறை எதுவோ அந்த முறைப்படி வந்த அளவுதான் செல்லும்."

ஈட்டி கேட்ட வாயில் இத்தனை மரியாதை எங்கிருந்து வந்தது என்று காளத்தி நினைத்துக்கொண்டான்.  அரசருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. பிரதானி சொன்னபடியே ஓலையில் எழுதச் சொல்லி முத்திரை வைத்தார். ஐந்தாம் நாள் சபை கூடும்போது அளவு வர வேண்டும், வராவிட்டால் ஈட்டிக்காரர் கொட்டடிக்குப் போவார்கள் என்று தீர்ப்பாயிற்று.

சபை கலைந்ததும் காளத்தி புலிக்கொட்டடிக்குப் போனான். ஒச்சாயியின் கணவனும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அதனால் அவள் அவனுக்கு மதினி.

"ஒன் வாயி இருக்கே வாயி, அதுக்கு ஒரு பூட்டு அடிக்கச் சொல்லணும் கொல்லன்கிட்ட," என்றாள் ஒச்சாயி, திரும்பிப் பார்க்காமலே.

"நான் பேசாம இருந்திருந்தா இந்நேரம் ஈட்டி வந்திருக்கும், மதினி."

"இப்ப அஞ்சு நாள் கழிச்சு வரும். அந்த அஞ்சு நாளும் நான் அதுக மொகத்தப் பாத்துக்கிட்டுச் சோறு திங்கணும். நல்லா பண்ணுன போ, கொழுந்தனாரே."

காளத்தி கொட்டடியை ஒரு முறை சுற்றி வந்து கூரையை அண்ணாந்து பார்த்தான். 

அன்று மதியமே ஒரு முயற்சி செய்து பார்த்தான். கொட்டடியின் கூரையில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியே, முடிச்சு முடிச்சாகப் போட்ட நூலைத் தூங்குகிற இளையவன் மேல் மெல்ல இறக்கினான். நூல் முதுகில் பட்டதும் இளையவன் ஒரு கண்ணைத் திறந்தான். அது தன்னோடு விளையாட வந்த பாம்பு என்று நினைத்தானோ என்னவோ, பிடித்து ஒரு இழுப்பு. நூலின் மறுமுனை காளத்தியின் தலைப்பாகையில் சுற்றியிருந்தது. நூலோடு தலைப்பாகையும் போயிற்று. மூத்தவனும் எழுந்து வந்தான். அண்ணனும் தம்பியும் அதைப் பாகம் பிரித்தார்கள். அவ்வளவு துக்கத்திலும் ஒச்சாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரித்ததற்காகவே அழுதாள்.

மறுநாள் வெறுந்தலையோடு சபைக்குப் போனான். பிரதானி எல்லாருக்கும் கேட்கும்படி, தலைப்பாகைக்காவது புலி அளவு சொன்னதா என்று விசாரித்தார். சபை சிரித்தது. அரசரும் சிரித்தார். காளத்தியும் சிரிக்க வேண்டியிருந்தது. அது அவன் வேலை.

அன்று மாலை கொட்டடியில் ஒச்சாயி ஒரு முடிவோடு இருந்தாள். நாலாம் நாள் கதவைத் திறந்து இரண்டையும் காட்டுக்குள் விரட்டிவிடப் போவதாகச் சொன்னாள்.

"போகுமா மதினி?"

அவள் இறைச்சிக் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். "போவாது," என்றாள் கடைசியில். "பொறந்ததுலருந்து ஆடுன்னா கூடைக்குள்ள இருக்கும்னுதான் அதுகளுக்குத் தெரியும். மத்தியானம் கூடையத் தேடிக்கிட்டு இங்கேயே வந்து நிக்கும்."

மூத்தவன் அப்போது கம்பிக்கு அந்தப்பக்கம் நட்டிருந்த புளியங்கட்டையில் முன்னங்கால்களை ஊன்றி நகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தான். அவன் நகர்ந்தபிறகு ஒச்சாயி துரட்டியை நீட்டி, கட்டையில் ஒட்டியிருந்த எதையோ தட்டி இழுத்து எடுத்தாள். வளைந்து, உள்ளே கூடாக, வெங்காயச் சருகு போல மினுமினுத்தது. நகத்தின் மேல்கூடு. புலி நகம் வளர வளர மேல்கூடு இப்படிக் கழன்று விழும் என்றாள். மடியிலிருந்து ஒரு சுண்ணாம்புச் செப்பை எடுத்துத் திறந்தாள். அதில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கூடுகள் கிடந்தன.

"இதெல்லாம் எதுக்கு மதினி?"

"பிள்ளைக்குப் பல்லு விழுந்தா கூரைமேல போடுறோம்ல. இத எங்க போடுறதுன்னு யாரும் சொல்லல. அதான் வச்சிருக்கேன்."

காளத்தி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை அரசருக்கு நவராத்திரிச் சட்டைக்கு அளவெடுக்கும் முறை. இங்கே அந்த அரண்மனையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வம்சத்தில் அரசர் உடம்பில் அளவுநூல் படக் கூடாது. பாட்டனாருக்குப் பாட்டனார் ஒருவருக்கு நூல் வைத்து அளந்தார்களாம். அந்த வாரமே படுத்தாராம், எழுந்திருக்கவில்லையாம். தொட்டு அளப்பது கடைசிப் படுக்கைக்குத்தான் என்று அன்றிலிருந்து ஒரு பயம். எனவே அரண்மனைத் தையற்காரர் கனகசபை அரசரைத் தொடமாட்டார். போன வருஷத்துச் சட்டையை அளவு சட்டையாக வாங்கிக்கொள்வார். உயரத்துக்கும் தோளுக்கும், கிழக்கு ஜன்னலைத் திறந்து, இளவெயிலில் அரசரை ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கவைப்பார். நிழல் திரையில் விழும். நிழலுக்குக் கரிக்கோடு போட்டு, அந்தக் கோட்டைத்தான் அளப்பார்.

அதுவரை அரசர் அசையாமல் நிற்க வேண்டுமே, அதற்காகக் கதை சொல்வது காளத்தியின் கடமை. ஒன்பது வருஷமாக அரசரின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்லி வந்தவன், திரையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்று மனசு கதையில் இல்லை. கண் அங்குமிங்கும் அலைந்தது. திரையில் போய் நின்றது. அங்கே அரசர் கறுப்பாக, சரியான அளவில், யாரும் தொடாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து மணையில் அளவு சட்டை மடித்து வைத்திருந்தது.

கதை பாதியில் நின்றது. காளத்தி சிரிக்க ஆரம்பித்தான்.

"கதையில் சிரிக்கும் இடம் இன்னும் வரவில்லையே," என்றார் அரசர், கழுத்தைத் திருப்பாமல்.

"அது எப்போதோ வந்துவிட்டது, மகாராஜா. நான்தான் தாமதமாக வந்து சேர்ந்தேன்," என்றான் காளத்தி.

நாலாம் நாள் விடிந்ததும் தையற்காரர் கனகசபையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டடிக்குப் போனான். அவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். நாற்பது வருஷமாக ராஜ குடும்பத்துக்குத் தைத்தவனைக் கடைசியில் புலிக்குத் தைக்கவைக்கிறாயே என்று கேட்டார். கொட்டடி கிழக்குப் பார்த்தது. முன்பக்கம் முழுவதும் கம்பி; பின்னால், மேற்கில், பொங்கலுக்குப் பொங்கல் ஒச்சாயி வெள்ளையடிக்கிற சுவர். தோட்டத்து மரங்களுக்கு மேல் சூரியன் தலை காட்டியதும், கம்பிகளின் நிழல் வரிசையாக அந்தச் சுவரில் போய் விழுந்தது. மூத்தவன் எழுந்து நடந்தான். அவன் நிழலும் சுவரோரம் கூடவே நடந்தது.

கனகசபைக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் முகம் வாடியது. "நிழல் இருக்கிறது. கரிக்கோடு போட உள்ளே போவது யார்? நான் போகமாட்டேன், தம்பி. எனக்கு நாலு பெண்கள்."

இதை அவர்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோடு எதுக்கு?" என்றாள் ஒச்சாயி. "கம்பி நெழலு விழுதே, அது கோடு இல்லாம வேற என்னவாம். எத்தன கம்பின்னு எண்ணத் தெரியாதா ஒங்க ரெண்டு பேருக்கும்?"

அந்தக் கம்பிகளைக் கொல்லர் அரைச் சாண் கட்டையை இடையில் வைத்து வைத்து நட்டிருந்தார், இடைவெளி கூடினால் புலி தலையை நுழைத்துவிடும் என்று. கம்பிக்குக் கம்பி அரைச் சாண். இரண்டு சாண் ஒரு முழம். ஆக நாலு கம்பிக்கு ஒரு முழம். காளத்தி ஒச்சாயியைக் கும்பிட்டான். கும்பிடு இருக்கட்டும், வாலை என்ன செய்யப்போகிறாய் என்று அவள் கேட்டாள். உண்மைதான், மூத்தவன் நடக்கும்போது வால் வளைந்து தொங்கியது. வளைந்த வாலை எண்ணினால் பிரதானி விடுவாரா?

"செத்தப் பொறுங்க. அவன் கூட்டாளி வரட்டும்."

கூட்டாளி என்பது ஒரு காக்கை. இறைச்சித் துணுக்குப் பொறுக்க, தினமும் அந்த நேரத்துக்குக் கொட்டடியின் தெற்கு ஓரத்துக்கு வரும். மூத்தவன் அதைப் பிடிக்க மூன்று வருஷமாகப் பதுங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு நாளும் பிடித்ததில்லை, ஒரு நாளும் விட்டதுமில்லை. அன்றும் காக்கை வந்து உட்கார்ந்தது. மூத்தவன் வயிறு தரையில் படத் தாழ்ந்தான். மூக்கு முன்னே நீண்டது. வால் பின்னே ஈட்டிபோல் நேராயிற்று. மூச்சுக்கூட விடாமல் அப்படியே நின்றான். அரசரே அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

மூவரும் தனித்தனியே எண்ணினார்கள். காளத்திக்கு இருபத்தேழு கம்பி. ஒச்சாயிக்கு இருபத்தேழு. கனகசபைக்கு இருபத்தாறு, நடுவில் பயத்தில் ஒரு தடவை கண்ணை மூடிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஐந்தாம் நாள் காலையில் மறுபடி எண்ணினார்கள். அவருக்கும் இருபத்தேழு வந்தது. அதே காக்கைக்குப் பதுங்கிய இளையவன் இருபத்தைந்து. காக்கை இரண்டு நாளும் பறந்து போயிற்று.

சபை கூடியது. வாசலில் நாலு ஈட்டிக்காரர்களைப் பிரதானி முன்கூட்டியே வரவழைத்திருந்தார். தூதுவர் மேலாடையைப் போர்த்திப் பயணத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒச்சாயி சுண்ணாம்புச் செப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

காளத்தி அளவை எப்படி எடுத்தான் என்று ஒன்று விடாமல் சொன்னான். செப்பைத் திறந்து மூத்தவனின் நகக்கூட்டில் நீளமான ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்தான். நாலு விரற்கடை இருந்தது. பிரதானி முடிக்கவிடவில்லை.

"புலியை அளக்கச் சொன்னால் நிழலை அளந்திருக்கிறான், மகாராஜா. நகத்தை அளக்கச் சொன்னால், அது வேண்டாம் என்று கழற்றிப்போட்டதை அளந்திருக்கிறான். இதெல்லாம் ஒரு அளவா?"

"ஓலையைப் படிக்கச் சொல்லுங்கள், மகாராஜா," என்றான் காளத்தி.

படித்தார்கள். தங்களுக்குச் செல்லும் முறை எதுவோ அந்த முறைப்படி வந்த அளவுதான் செல்லும் என்ற இடம் வந்ததும் காளத்தி கையை உயர்த்தினான்.

"மகாராஜா அணிந்திருக்கும் சட்டைக்கு எதைப் பார்த்து அளவெடுத்தார்கள்?"

அரசர் குனிந்து தம் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "என் நிழலை. அப்புறம் என் பழைய சட்டையை."

"எங்காவது பிடிக்கிறதா?"

"இல்லையே. சௌகரியமாகத்தான் இருக்கிறது."

காளத்தி பிரதானியின் பக்கம் திரும்பினான். "மகாராஜாவுக்கு எடுப்பது அளவே அல்ல என்று இந்தச் சபையில் சொல்லப்போகிறீர்களா, பிரதானியாரே? சொல்வதானால் தையற்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நாற்பது வருஷத்துச் சட்டையையும் அவர் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்."

பிரதானி வாயைத் திறந்தார், அரசரின் சட்டையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கனகசபைக்கு மட்டும் இந்தப் பேச்சு சிரிப்பாகப் படவில்லை.

"அளவு செல்லும்," என்றார் அரசர். "எத்தனை முழம், சொல்."

"மூத்தவன் ஆறே முக்கால். இளையவன் ஆறேகால்."

அரசரின் முகம் விழுந்துவிட்டது. ஆறே முக்காலா, அவர்களுடையது எட்டாயிற்றே என்று மெல்லக் கேட்டார். நகமும் ஒரு விரற்கடை குறைந்தது. பிரதானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த எண்ணை ஓலையில் எழுதி அனுப்பினால் பூனை என்ற பெயரை நாமே முத்திரை வைத்து ஒப்புக்கொண்டதாகும் என்றார். தோலை இழுத்து முளையடித்தால் இப்போதும் ஒன்பது முழம் காணும், பொழுதும் இருக்கிறது என்றார். அரசர் வாசலில் நின்ற ஈட்டிகளைப் பார்த்தார்.

காளத்தி தாம்பாளத்து நகக்கூட்டைப் பார்த்தான். ஐந்து நாளும் எப்படி அளப்பது என்றே யோசித்திருந்தான். அளந்த எண் சின்னதாக இருந்தால் என்ன சொல்வது என்பதை யோசிக்கவே இல்லை. அவன் கொண்டுவந்த அளவே புலிகளுக்கு எமனாக வந்து நின்றது.

அப்போது தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஒச்சாயி தூதுவரைப் பார்த்துக் கேட்டாள். குரலில் சண்டை இல்லை. புலி வளர்த்தவள் புலிக்கு உரியவரிடம் கேட்கிற கேள்விதான்.

"ஐயா, எங்க மூத்தவனுக்கே நாளைக்கு அரை ஆடு பத்தல. எட்டு மொழம்னா ஒங்க புலி எம்புட்டுத் திங்கும்?"

தூதுவர் நல்ல மனிதர், பொய் பழகாதவர். மேலாடையைச் சரிசெய்துகொண்டார். "அது இப்போது ஒன்றும் தின்பதில்லை, அம்மா."

"ஒடம்பு சொகமில்லையா?"

"சுகத்துக்குக் குறைவில்லை. எங்கள் கொலுமண்டபச் சுவரில் இருக்கிறது. நாலு பக்கமும் முளையடித்து."

சபையில் ஒருவர் இருமினார். காளத்தி சட்டென்று தூதுவர் பக்கம் திரும்பினான்.

"நகம் ஐந்து விரற்கடை என்று எழுதியிருக்கிறதே ஐயா, அது எங்கே?"

"பொன் கட்டி, எங்கள் அரசரின் பேரப்பிள்ளை கழுத்தில் போட்டிருக்கிறார்கள்," என்றார் தூதுவர். பொன்னையும் சேர்த்துத்தான் ஐந்து விரற்கடை என்பதையும், கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

காளத்தி அரசரின் முன் போய்க் கைகட்டி நின்றான். "மகாராஜா, பதில் ஓலைக்கு நான் வாசகம் சொல்லலாமா?" அரசர் தலையசைத்தார். அவன் சொல்லச் சொல்ல ஓலைக்காரர் எழுதினார்.

"தங்கள் புலி எட்டு முழம் என அறிந்து மகிழ்ந்தோம். அது இனி வளராது. எங்கள் புலி ஆறே முக்கால் முழம். இன்று காலை வரை. தங்கள் புலியின் நகம் தங்கள் பேரனிடம் இருக்கிறது. எங்கள் புலியின் நகம் எங்கள் புலியிடமே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட விரும்பினால் தங்களுடையதைச் சுருட்டி அனுப்பலாம். எங்களுடையது நடந்தே வரும்."

எழுத்தாணி நின்றது. அரசர் அந்தக் கடைசி வரியை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. தொடையைத் தட்டிச் சிரித்தார். கிரீடம் காதுக்குச் சரிந்தும் நிற்கவில்லை. தூதுவருக்கும் அடக்க முடியவில்லை. இந்த ஓலையை எங்கள் அரசர் முன் படிக்கும்போது என்ன முகத்தோடு நிற்பேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஈட்டிக்காரர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அரசர் கையைக் காட்டினார். அப்போதுதான் ஒச்சாயி தூணில் சாய்ந்துகொண்டாள்.

என்ன வேண்டும், கேள் என்றார் அரசர். காளத்தி கொஞ்சம் யோசித்தான்.

"அளவெடுத்துவிட்டுச் சட்டை தைக்காமல் விடுகிற வழக்கம் இந்த அரண்மனையில் இல்லை, மகாராஜா. புலிக்குச் சட்டை தைத்தால் அது என்ன செய்யும் என்பது என் தலைப்பாகைக்குத் தெரியும். அந்தத் துணியைப் புலியை வளர்த்தவளுக்குக் கொடுத்துவிடலாம்."

ஒச்சாயிக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டு வந்தது. காளத்திக்குப் பதினாறு முழத்தில் புதுத் தலைப்பாகை வந்தது. அதோடு, மூக்கு முதல் வால் வரை புலிகளின் மேல் ஈட்டி படக் கூடாது என்று முத்திரை வைத்த ஓலையும் வந்தது. வருஷந்தோறும் நவராத்திரிக்கு முன் புலிகளுக்கு இதே முறையில் அளவெடுக்க வேண்டும், நம்பிக்கையான பெரிய மனிதர் ஒருவர் அருகிலிருந்து எண்ண வேண்டும் என்றும் அரசர் சொன்னார். அத்தனை பேரும் பிரதானியைப் பார்த்தார்கள்.

மறு வருஷம் விடியற்காலையில் பிரதானி உலகுடையார் கொட்டடிக்கு முன்னால், கம்பிக்கு நாலு முழம் தள்ளி, ஒரு பலாப்பலகை மணையில் உட்கார்ந்திருந்தார். காளத்தி பக்கத்தில் நின்றான். மூத்தவன் அதே இருபத்தேழு கம்பியில் நின்றான். அடுத்து இளையவன் பதுங்கினான். மூக்கு நீண்டது, வால் நீண்டது. பிரதானி விரலை மடக்கி மடக்கி எண்ணினார். இருபத்தைந்தில் நிற்கும் என்று பார்த்தால் வால்நுனி நிழல் நழுவி அடுத்த கம்பியைத் தொட்டது.

"ஒச்சாயி," என்றார் பிரதானி, அவரை அறியாமலே குரலைத் தாழ்த்தி, "இளையவன் வளர்ந்துவிட்டான், அம்மா."

"எனக்குத் தெரியுமே, சாமி," என்றாள் அவள். "கூடைல ஒரு தொடை கூடப்போட்டு மூணு மாசமாச்சு."

காக்கையும் பறந்தது, கதையும் நிறைந்தது.